இதய விதி கண்ட ஸ்டார்லிங்

கிணறும் இதயமும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்கள் உள்ளன. கேரளம் என்றாலே ஓயாத மழையும் நிறைந்த ஆறுகளும் நம் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் பேசும் மக்கள் நிறைந்த இந்த எல்லைச் சிற்றூர்களில் மழை குறைவு. அண்டையிலுள்ள கோவை மாவட்டத்தைப் போலவே கிணற்றை நம்பிய வேளாண்மை. இன்று அங்கே மின்பொறி நீர் இறைக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் கவலை இறைத்தது. எருதுகள் சரிவில் இறங்கும், வடம் இழுபடும், சால் நிறைய நீர் மேலே வந்து வாய்க்காலில் பாயும். எருதுகள் பின்வாங்கும், சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும்.

ஒரு நாளைக்கு இறைத்த நீர் எவ்வளவு? ஒரு சால் கொள்ளும் நீரை, அது ஏறி இறங்கிய தடவைகளால் பெருக்கினால் விடை கிடைக்கும். பள்ளிச் சிறுவனும் இதைச் சொல்வான். ஆனால் கவலை ஓட்டிய உழவருக்கு இன்னொன்றும் தெரியும். ஊற்றில் நீர் ஊறும் அளவுதான் வாய்க்காலில் பாயும். ஊற்று வற்றிய கோடையில் எருதுகளை எவ்வளவு விரட்டினாலும் சால் அரைகுறையாகவே மேலே வரும். தடவை கூடும், நீர் கூடாது.

நம் மார்புக்குள்ளும் ஒரு கவலை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருக்கிறது. அதுவே இதயம். ஓய்ந்திருக்கும்போது ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை அது வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு நாளில் 7,000 லிட்டர்! போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒருவர் விரைந்து ஏறினால், அதே இதயம் நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு மேலும் இறைக்க வல்லது. மலை ஏறி முடித்து நிழலில் அமர்ந்தால் சிறிது நேரத்தில் மீண்டும் 5 லிட்டர்.

இவ்வளவு இறைக்க வேண்டும் என்று இதயத்துக்கு உணர்த்துவது எது? இதயம் தானே முடிவு செய்கிறதா? மூளை கட்டளையிடுகிறதா? அல்லது வேறு ஏதேனும் உண்டா? இந்த வினாவுக்குத் தம் வாழ்நாளில் தெளிவான விடை கண்டவர் ஆங்கில நாட்டு உடலியல் பேரறிஞர் எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங். அவருடைய வாழ்க்கை, மருத்துவம் பயிலும் மாணவர்க்கு மட்டுமன்றி நம் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

இளமையும் கல்வியும்

ஸ்டார்லிங் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் மூத்தவர் அவர். தந்தை மாத்யூ ஹென்றி ஸ்டார்லிங் வழக்குரைஞர். பம்பாயில் அரசாங்கச் சட்டப் பதவி ஒன்றை வகித்தார். சில ஆண்டுகளுக்கு ஒரு முறையே அவர் இங்கிலாந்துக்கு வருவார். ஆகவே பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுதும் தாயின்மேல் விழுந்தது. தந்தை தொலைவில் பொருளீட்ட, தாய் தனித்திருந்து குடும்பம் காத்த வீடுகள் நமக்குப் புதியன அல்ல. தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களுக்கு ஆடவரை அனுப்பிவிட்டுச் சமவெளியில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அத்தகைய ஒரு வீட்டிலேதான் ஸ்டார்லிங்கும் வளர்ந்தார். அந்த வீட்டை நடத்திய பொருளும் நம் நாட்டிலிருந்து சென்றதே.

கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பின், 1882இல் தம் பதினாறாம் வயதில் கைஸ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். தேர்வுகளில் பரிசுகள் பல பெற்றார். நோயாளிகளிடையே புகழும் பொருளும் பெறும் மருத்துவராக அவர் எளிதில் உயர்ந்திருக்கலாம். ஆனால் 1885ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனியிலுள்ள ஐடல்பர்க் நகருக்குச் சென்று, கூனே என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். அந்தச் சில மாதங்கள் அவர் வாழ்வின் திசையை மாற்றிவிட்டன. நோய்க்கு மருந்து கொடுப்பதற்கு முன், உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும் என்ற வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1889இல் மருத்துவப் பட்டம் பெற்றதும் கைஸ் மருத்துவமனையிலேயே உடலியல் கற்பிக்கத் தொடங்கினார். 1891இல் புளோரன்ஸ் உல்ட்ரிட்ஜ் என்னும் அம்மையாரை மணந்தார். ஸ்டார்லிங்குக்கு வழிகாட்டியாயிருந்து இளமையிலேயே மறைந்த உடலியலறிஞர் உல்ட்ரிட்ஜின் கைம்பெண் அவர். கைம்மணம் குறித்து நம் நாட்டில் பெரும்போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளலாம். அவ்வம்மையார் கணவரின் எழுத்துப் பணியில் இறுதிவரை துணை நின்றார்.

இரு நண்பர்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டார்லிங்குக்கு வில்லியம் பேலிஸ் என்பவரின் நட்புக் கிடைத்தது. இருவரும் இயல்பால் வேறுபட்டவர். ஸ்டார்லிங் விரைவும் துணிவும் உடையவர். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவர். பேலிஸ் செல்வர் வீட்டுப் பிள்ளை. அமைதியும் பொறுமையும் நிறைந்தவர். ஒன்றை நூறு முறை சரிபார்ப்பவர். ஒருவர் குறை மற்றவர் நிறைவால் நீங்கியது. 1893இல் ஸ்டார்லிங்கின் தங்கை கெர்ட்ரூடைப் பேலிஸ் மணந்தார். நண்பர் மைத்துனர் ஆயினர்.

அந்நாளில் ஸ்டார்லிங் ஆராய்ந்த பொருள் நிணநீர். இரத்தத்திலிருந்து நீர் எவ்வாறு கசிந்து திசுக்களை அடைகிறது, எவ்வாறு மீள்கிறது என்பது அப்போது புதிராக இருந்தது. பிரெஸ்லாவ் நகரத்துப் பேராசிரியர் ஐடன்ஐன், நாளங்களின் சுவரில் உள்ள உயிரணுக்களே நிணநீரைச் சுரக்கின்றன என்று கருதினார். ஸ்டார்லிங் 1892இல் அவரிடமே சென்று பணியாற்றினார். அவர் செய்த ஆய்வுகளையே திரும்பச் செய்தார். இறுதியில் அவரினும் வேறான முடிவுக்கு வந்தார்.

1896இல் அவர் வெளியிட்ட கட்டுரை அம்முடிவை விளக்கியது. மயிரினும் மெல்லிய நாளங்களில் ஓடும் இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் கரைந்துள்ள புரதங்களோ அந்நீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ள முயல்கின்றன. இவ்விரண்டு விசைகளின் ஏற்றத்தாழ்வே நீரின் போக்குவரவை முடிவு செய்கிறது. இக்கணக்கில் பின்வந்த அறிஞர் சில திருத்தங்கள் செய்துள்ளனர். ஆயினும் இன்றும் மருத்துவ மாணவர் அதனை ஸ்டார்லிங் விசைகள் என்ற பெயராலேயே கற்கின்றனர்.

1899இல் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜாட்ரல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அரச கழகமும் அதே ஆண்டில் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது 33.

1902ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இரு நண்பரும் மற்றொரு பெருஞ்செயல் செய்தனர். இரைப்பையிலிருந்து அமிலம் குடலுக்கு வந்ததும் கணையம் நீர் சுரக்கிறது. இச்செய்தியை நரம்புகளே கொண்டு செல்கின்றன என்று உருசிய அறிஞர் பாவ்லவின் கூடத்தார் நம்பினர். நண்பர் இருவரும் குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் நீக்கிவிட்டு, அதில் அமிலம் இட்டனர். கணையம் அப்போதும் சுரந்தது! உடனே ஸ்டார்லிங் குடலின் உட்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, இரத்தத்தில் செலுத்தினார். சிறிது நேரத்தில் கணையம் மீண்டும் சுரந்தது. செய்தியைக் கொண்டு சென்றது நரம்பு அன்று, இரத்தத்தில் கலந்த ஒரு பொருள் என்பது விளங்கிற்று. அதற்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்கள் அனைத்தையும் குறிக்க ஹார்மோன் என்னும் சொல்லை 1905இல் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவுகளில் வழங்கினார். இன்று அச்சொல் பல மொழிகளிலும் வழங்குகிறது.

வழக்குமன்றத்தில்

புகழோடு பழியும் வந்தது. 1903இல் பேலிஸ் மாணவர்முன் ஒரு நாயைக் கொண்டு செய்து காட்டிய ஆய்வை ஸ்வீடன் நாட்டுப் பெண்மணியர் இருவர் கண்டனர். நாய்க்கு மயக்கமருந்து சரிவரக் கொடுக்கப்படவில்லை என்று அவர்கள் எழுதினர். உயிருள்ள விலங்குகளை ஆய்வுக்கு அறுத்தலை எதிர்த்த சங்கத்தின் செயலாளர் கோல்ரிட்ஜ் அதனைப் பொதுமேடையில் முழங்கினார். பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். நாய்க்கு முன்னரே ஒரு முறை அறுவை செய்திருந்தவர் ஸ்டார்லிங். அதே நாயை மறுமுறையும் ஆய்வுக்குக் கொடுத்தது சட்டப்படி சரியன்று என்பதை அவர் மன்றத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். இன்னோர் உயிரைக் காக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கினார். வழக்கில் பேலிஸ் வென்றார். 2,000 பவுன் இழப்பீடும் பெற்றார்.

ஆனால் பூசல் ஓயவில்லை. அந்த நாய்க்கு இலண்டனில் ஒரு சிலை எழுந்தது. 1907இல் மருத்துவ மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் கலகம் செய்தனர். 1910இல் சிலை அகற்றப்பட்டது. மாணவராகிய நாம் இதனைப் படிக்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று திகைக்கிறோம். விலங்கின் துன்பத்துக்கு இரங்கியவரை இகழ்வது அறமாகாது. அவர்கள் எழுப்பிய வினாவாலேயே ஆய்வுக்கூடங்களின் மேற்பார்வை பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. எனினும், நாம் இனிக் காணப்போகும் இதய விதியும் நாயின் இதயத்தைக் கொண்டே அறியப்பட்டது. அதனால் பிழைத்த மனித உயிர்களையும் மறக்க முடியாது. அறிவு சில வேளை விலை கொடுத்தே கிடைக்கிறது. அவ்விலையை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

அளந்தவர்கள்

ஸ்டார்லிங்குக்கு முன்பும் இதயத்தின் இறைப்பை அளக்க முயன்றவர் உண்டு. 1628இல் வில்லியம் ஆர்வி வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு உள்ளது. அரைமணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம், உடலிலுள்ள இரத்தம் முழுவதையும் விட மிகுதி. ஆகவே அதே இரத்தம் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று அவர் மெய்ப்பித்தார்.

1870இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் மேலும் நுட்பமான வழி ஒன்று கூறினார். ஒருவர் நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்துகிறார் என்போம். நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தில் லிட்டருக்கு 200 மில்லிலிட்டர் பிராணவாயு உள்ளது. உடலைச் சுற்றிவிட்டு மீளும் இரத்தத்தில் 150 உள்ளது. அப்படியானால் ஒவ்வொரு லிட்டரும் 50 மில்லிலிட்டரைச் சுமந்து சென்று கொடுத்திருக்கிறது. 250ஐ 50ஆல் வகுத்தால் 5. நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தம் ஓடியிருக்க வேண்டும்! எவ்வளவு எளிய கணக்கு! எத்தனை மூட்டை நெல் போயிற்று என்று தெரிந்தால், ஒரு வண்டிக்கு எத்தனை மூட்டை என்பதைக் கொண்டு வண்டிகளை எண்ணிவிடுவது போன்றது இது.

1895இல் ஆட்டோ ஃபிராங்க் என்பவர் மியூனிக் நகரில் தவளையின் இதயத்தை ஆராய்ந்தார். இதயம் சுருங்குமுன் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அதற்கேற்பச் சுருங்கும் வலிமை கூடுகிறது என்று கண்டார். ஆனால் வெப்ப இரத்தமுள்ள உயிரின் இதயம், இரத்தத்தை உண்மையாகவே இறைத்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்கிறது என்பதை எவரும் முழுமையாகக் காணவில்லை. நரம்புகளும் ஹார்மோன்களும் நாளங்களின் சுருக்கமும் ஒரே நேரத்தில் குறுக்கிடும்போது எதனால் எது நிகழ்கிறது என்று பிரித்தறிவது எவ்வாறு?

இதயமும் நுரையீரலும்

ஸ்டார்லிங் அதற்கு ஒரு வழி கண்டார். மயக்கமூட்டிய நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் உயிருடன் இயங்கவிட்டு, உடலின் மற்ற பகுதிகளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களையும் இரப்பர்க் குழாய்களையும் பொருத்தினார். 1912இல் நோல்டன் என்பவருடன் சேர்ந்து இந்த அமைப்பை அவர் வெளியிட்டார்.

இதயத்தின் இடப்பக்கத்திலிருந்து வெளிவரும் இரத்தம் ஒரு மெல்லிய இரப்பர்க் குழாய் வழியே செல்லும். அக்குழாயைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் காற்றை அடைத்தால் இரப்பர் நசுங்கும். இரத்தம் செல்லத் தடை மிகும். பிறகு வெந்நீர்த் தொட்டியில் சுருண்டுள்ள குழாய் வழியே சென்று இரத்தம் உடல் வெப்பம் பெறும். அங்கிருந்து உயரத்தில் உள்ள ஒரு கலத்தை அடைந்து, குழாய் வழியே இதயத்தின் வலப்பக்கத்துக்கு இறங்கும். ஆக, ஆய்வாளர் கையில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று, இதயத்துக்கு வரும் இரத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவியது. மற்றொன்று, இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய தடையைக் கூட்டவோ குறைக்கவோ உதவியது. மூளையின் கட்டளை இங்கே இல்லை. இதயம் தனித்து நின்றது.

பேட்டர்சன், பைப்பர் ஆகியோருடன் சேர்ந்து ஸ்டார்லிங் கண்டவை 1914இல் வெளிவந்தன. வரும் இரத்தத்தைக் கூட்டினர். இதயம் முதலில் சற்றே விரிந்தது. பிறகு ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளியது. வருவதும் செல்வதும் சமமாயின. வரத்தைக் குறைத்தனர். இதயம் சுருங்கியது; இறைப்பும் குறைந்தது. அடுத்துத் தடையைக் கூட்டினர். சில துடிப்புகளுக்கு இறைப்புத் தாழ்ந்தது. தள்ளப்படாத இரத்தம் உள்ளே தங்கியதால் இதயம் விரிந்தது. விரிந்த இதயம் முன்னினும் வலிமையாகச் சுருங்கி, உயர்ந்த தடையையும் வென்று பழைய அளவையே மீண்டும் இறைத்தது!

இதிலிருந்து ஸ்டார்லிங் உணர்ந்த விதி இது. இதயத் தசை சுருங்கத் தொடங்குமுன் எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அதற்கேற்பவே சுருங்கும் ஆற்றல் அமைகிறது. நிறைய வந்தால் தசை நீளும். நீண்டால் வலுவாகச் சுருங்கும். வலுவாகச் சுருங்கினால் வந்ததெல்லாம் வெளியேறும். 1915இல் கேம்பிரிட்ஜில் அவர் நிகழ்த்திய லினக்கர் சொற்பொழிவின் பொருள் இதுவே. அது 1918இல் நூலாக வெளிவந்தது.

இனி நம் கவலைக்கு வருவோம். ஊற்றில் ஊறியதே வாய்க்காலில் பாயும் என்ற அளவில் இதயமும் கவலையும் ஒன்று. ஆனால் கவலையில் சால் விரிவதில்லை. சாலில் நீர் மிகுந்தால் எருதுகள் களைக்கும். இதயத்திலோ சாலும் எருதும் ஒரே தசை. சால் நிறைய நிறைய அது விரிகிறது. விரிய விரிய எருதின் இழுப்பும் வலுக்கிறது. இப்படி ஒரு கவலையை எந்தத் தச்சரும் செய்ததில்லை.

இந்த விதி இல்லையேல் நாம் ஒரு நாளும் உயிர் வாழ முடியாது. இதயம் ஒன்றாகத் தோன்றினாலும் இரண்டு இறைப்பிகள் சேர்ந்தது. வலப்பக்கம் நுரையீரலுக்கும், இடப்பக்கம் உடலுக்கும் இரத்தத்தைத் தள்ளுகின்றன. வலப்பக்கம் ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லிலிட்டர் கூடுதலாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 4,200 துடிப்பு. உடலின் இரத்தத்தில் பெரும்பகுதி, 4 லிட்டருக்கு மேல், நுரையீரலில் தேங்கிவிடும்! அவ்வாறு நேராமல் காப்பது எது? வலப்பக்கம் சிறிது மிகுதியாகத் தள்ளினால் இடப்பக்கம் சிறிது மிகுதியாக நிரம்புகிறது. அதனால் அதுவும் மிகுதியாகத் தள்ளுகிறது. இருவருக்கும் நடுவே கணக்கு எழுத எவரும் தேவையில்லை.

போரும் நோயும்

ஆங்கிலேயராகிய ஸ்டார்லிங்கின் பெயரும் ஜெர்மானியராகிய பைப்பரின் பெயரும் சேர்ந்து நின்ற அக்கட்டுரை அச்சில் வந்தபோது, இரு நாடுகளும் போரில் இறங்கிவிட்டன. ஜெர்மனியிலேயே அறிவியல் வேட்கை பெற்ற ஸ்டார்லிங்குக்கு இது பெரும் வேதனை. ஆயினும் நாட்டின் பணியை அவர் மறுக்கவில்லை. இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். நச்சுப்புகையிலிருந்து வீரரைக் காக்கும் முறைகளை ஆராய்ந்தார். சலோனிக்கா போர்முனைக்கும் சென்றார். அதிகாரிகளின் அறியாமையைக் கண்டபோது வாய் மூடியிருக்கவில்லை. பின்னர் அரச கழகத்தின் உணவுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, மக்களின் உணவுப் பங்கீட்டுக்கு அறிவியல் அடிப்படை தேடினார்.

போருக்குப் பின் அவர் கல்வி முறையையும் ஆட்சியாளரையும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆள்வோருக்கு அறிவியல் தெரியாமல் இருப்பது நாட்டுக்குக் கேடு என்று அவர் கருதினார். மைத்துனர் பேலிஸுக்கு 1922இல் சர் பட்டம் கிடைத்தது. ஸ்டார்லிங்குக்கு அது கடைசி வரை கிடைக்கவில்லை. நோபெல் பரிசும் கிட்டவில்லை. அதற்காக அவர் பணி தளரவும் இல்லை.

1920இல் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அறுவை செய்துகொண்டார். உடல் நலிந்தது. 1922இல் பேராசிரியர் பதவியைத் துறந்து, அரச கழகத்தின் முதல் ஃபவுலர்ட்டன் ஆராய்ச்சிப் பேராசிரியராக முழுநேர ஆய்வில் ஈடுபட்டார். 1923இல் ஆர்வி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தி, உடல் தன்னைத்தான் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அறிவைப் பற்றிப் பேசினார். வெர்னி என்னும் இளைஞருடன் சேர்ந்து சிறுநீரகத்தையும் தம் இதய-நுரையீரல் அமைப்பில் இணைத்து ஆராய்ந்தார். உடல்நலம் கருதிக் கடற்பயணம் மேற்கொண்டபோது, 1927ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தை அடைந்த கப்பலில் அவர் உயிர் பிரிந்தது. உற்றார் எவரும் அருகில் இல்லை. அந்தத் தீவிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 61.

அவருக்குப் பின்

ஸ்டார்லிங் கண்டது முழு உண்மையின் ஒரு பெரும்பகுதி. அவர் இதயத்தைத் தனியே பிரித்து நோக்கினார். உயிருள்ள உடலில் நரம்புகளும் உண்டு. வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. பரிவு நரம்புகள் வேகத்தையும் வலிமையையும் கூட்டுகின்றன. மலை ஏறும்போது நாடி விரைவது பெரும்பாலும் இவற்றால்தான். இதயத்தின் மேலறைகள் எவ்வளவு நிரம்பின என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளைப் பற்றி 1953இல் நுட்பமாக எழுதியவர் நம் நாட்டு உடலியலறிஞர் ஆட்டார் சிங் பெயின்டால். நீண்ட தசை ஏன் வலுவாகச் சுருங்குகிறது என்பதும் பின்னர் விளங்கிற்று. தசையின் நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் முறையும், நீண்ட நிலையில் அவை கால்சியத்துக்குக் கூடுதலாக இணங்குவதும் அதற்குக் காரணங்கள்.

ஊற்றின் அளவை முடிவு செய்வது எது என்னும் வினாவை 1950களில் ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் ஆர்தர் கைட்டன். இளம்பிள்ளை வாதத்தால் உடல் தளர்ந்தும் ஆய்வை விடாதவர் அவர். உழைக்கும் தசைகள் தம் நாளங்களைத் திறந்துகொள்கின்றன, சிரைகள் இறுகுகின்றன, கால் தசைகளும் மூச்சும் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. இவ்வாறு மீண்டு வரும் இரத்தமும் இதயத்தின் திறனும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இடத்தில்தான் இறைப்பின் அளவு நிலைபெறுகிறது என்று அவர் காட்டினார். ஆக, நலமான இதயம் தன் விருப்பப்படி இறைப்பதில்லை. உடல் கேட்கிறது, இரத்தம் வருகிறது, இதயம் கொடுக்கிறது.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களே இதற்குச் சான்று. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் டில்லியில் மருத்துவர் வேணுகோபால் முதன்முதலில் வெற்றியுடன் இதயம் மாற்றினார். புதிய இதயத்தின் நரம்புகள் அறுபட்டவை. ஆயினும் அதனைப் பெற்றவர் நடக்கத் தொடங்கியதும் மீளும் இரத்தம் மிகுகிறது, இதயம் நிரம்புகிறது, துடிப்பு உடனே விரையாவிட்டாலும் ஒவ்வொரு துடிப்பின் அளவும் கூடுகிறது. பிறகு இரத்தத்தில் கலந்த ஹார்மோன்கள் வந்து வேகத்தையும் கூட்டுகின்றன. ஸ்டார்லிங் பெயரிட்ட பொருளும் ஸ்டார்லிங் கண்ட விதியும் ஒரே மார்பில் கைகோத்து வேலை செய்கின்றன!

நமக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. மழைக்காலந்தோறும் எல்லையின் இருபுறமும் டெங்குக் காய்ச்சல் பரவுகிறது. கடுமையான டெங்குவில் நுண்ணிய நாளங்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீரும் புரதமும் வெளியே கசிகின்றன. அழுத்தமும் புரதமும் கொண்டிருந்த சமநிலை குலைகிறது. இதயத்துக்கு மீளும் இரத்தம் குறைகிறது. இதயம் விரைந்து விரைந்து துடிக்கிறது. நாடியோ நூல் போல மெலிகிறது. கை கால் சில்லிடுகின்றன. வற்றிய கிணற்றில் எருதுகளை விரட்டும் காட்சி இதுவே. அப்போது மருத்துவர் இதயத்தை முடுக்க முனைவதில்லை. கைநாளத்தில் உப்புநீரை அளவறிந்து ஏற்றுகிறார். ஊற்றை நிரப்புகிறார். அளவறிந்து என்பதை மறக்கலாகாது. மிகுந்தால் அந்நீரே நுரையீரலில் தேங்கும். ஸ்டார்லிங் 1896இல் எழுதியதும் 1914இல் எழுதியதும் அந்தப் படுக்கையருகே சந்திக்கின்றன.

தசையே நலிந்துபோன இதயத்தின் நிலை வேறு. அங்கே கிணறு நிறைந்திருக்கும்; எருதுகளுக்கு வலுவில்லை. இதயம் அளவு கடந்து விரிந்தும் வேண்டிய அளவு இறைக்க முடியாமல் திணறும். காலில் வீக்கம் தோன்றும். படுத்தால் மூச்சு முட்டும். இவருக்கு மேலும் நீர் ஏற்றினால் கேடு. மிகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்தும், இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்தும் தருகின்றனர். இரண்டு நோயாளிகளுக்கும் நாடி விரைவாகவே இருக்கும். ஒருவருக்கு உப்புநீர் உயிர் தரும். மற்றவருக்கு அதுவே உயிரை வாங்கும். இந்த வேறுபாட்டை மருத்துவர் அறிந்திருப்பதற்கு அடிப்படை, இலண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு திருகுகளைத் திருப்பிப் பார்த்த மனிதரின் பொறுமையே ஆகும்.

கவிஞர் இதயத்தை அரசன் என்பர். ஸ்டார்லிங் அதனை உண்மையுள்ள ஊழியனாகக் கண்டார். தனக்கென எதையும் தேக்கி வைக்காமல், வந்ததை வந்தவுடன் கொடுத்துவிடும் ஊழியன் அது. அவருடைய வாழ்வும் அவ்வாறே அமைந்தது. ஜெர்மனியில் கற்றதை இலண்டனுக்குக் கொடுத்தார். பேலிஸிடம் பெற்ற பொறுமையை ஆய்வுக்குக் கொடுத்தார். தாம் கண்டதைப் பேட்டர்சன், வெர்னி போன்ற இளைஞரோடு பகிர்ந்துகொண்டார். நண்பர்களே, நம் ஊரின் பழைய கவலைகள் இன்று மண்ணில் புதைந்துவிட்டன. ஆனால் போடிமெட்டுச் சாலையிலோ குமுளி மலைப்பாதையிலோ ஏறி, மூச்சு வாங்கி, ஒரு கல்லின்மேல் அமரும்போது மார்பில் கைவைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு கவலை ஓடிக்கொண்டிருப்பதை உணர்வீர்கள். அதன் கணக்கைக் கண்டறிந்தவரின் பெயரையும் அப்போது ஒரு கணம் நினைந்து கொள்ளுங்கள்.